அலபாமாவில் ஒரு கோடு

குடிமைப் பாடம் நடத்தும் உபாத்தியாயர்களுக்கெல்லாம் ஒரு ரகசியம் தெரியும். புத்தகத்தில் "ஜனத்தொகைக் கணக்கும் தொகுதிப் பிரிவினையும்" என்று ஓர் அத்தியாயம் வரும். அது வந்த மாத்திரத்தில் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். உண்மையைச் சொல்வதானால், நமக்கும் வரும். "இது பரீட்சைக்கு வராது, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுவோம். இருபது வருஷமாக நாம் இந்தப் பாபத்தைச் செய்து வந்திருக்கிறோம். அந்த அத்தியாயத்தை அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா ராஜ்யத்தில் நாமே முதல் வரியிலிருந்து படிக்க நேர்ந்த விருத்தாந்தத்தைத்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

கோடை விடுமுறைக்கு நம்மை அழைத்தவன் நம் மருமான். பர்மிங்ஹாம் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். "மாமா, நியூயார்க்கையும் நயாகராவையும் எல்லோரும் பார்க்கிறார்கள். சிவிக்ஸ் வாத்தியார் பார்க்கவேண்டிய ஊர் இதுதான்" என்று எழுதியிருந்தான். சிறு பிள்ளையின் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தோம். அது வேடிக்கை அன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

இரும்பு நகரம்

பர்மிங்ஹாம் நகரத்துக்குத் தெற்கே ஒரு செம்மண் மலை. அதன் உச்சியில் வல்கன் என்னும் ரோமானியர்களின் கொல்லுத் தெய்வம், கையில் ஈட்டி முனையை ஏந்திக்கொண்டு, ஐம்பத்தாறு அடி உயரத்தில் நிற்கிறது. முழுவதும் வார்ப்பு இரும்பு. 1904-ம் வருஷத்தில் செயிண்ட் லூயி நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக வார்க்கப்பட்டது. இரும்புக் கல்லும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே இடத்தில் கிடைத்தமையால் 1871-ல் தோன்றிய இந்நகரம், கண் மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிட்டது. உலைக்களங்களில் வேலை தேடி வெள்ளையரும் கறுப்பு இனத்தாரும் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள்.

மலைமேல் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமான் ஒரு கணக்குப் போட்டான்.

"மாமா, 1960-ம் வருஷக் கணக்குப்படி இந்த ஜெபர்ஸன் ஜில்லாவில் 6,34,864 ஜனங்கள். ராஜ்யத்தின் மேல்சபையில் இவர்களுக்கு எத்தனை ஸ்தானம் இருந்திருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்."

மேல்சபையில் மொத்தம் 35 ஸ்தானங்கள் என்று படித்திருந்தோம். ராஜ்யத்தின் ஜனத்தொகை அப்போது சுமார் 32 லக்ஷம். ஆகவே ஆறு அல்லது ஏழு என்றோம்.

"ஒன்று."

நாம் திகைத்தோம். "நாளைக்குத் தெற்கே போகும்போது லவுண்டஸ் என்று ஒரு ஜில்லா வரும். அங்கே 15,417 பேர். அவர்களுக்கும் ஒன்று" என்றான் அவன்.

அதாவது, லவுண்டஸில் ஒருவனுடைய நிறை, பர்மிங்ஹாமில் நாற்பத்தொரு பேருடைய நிறைக்குச் சமம். சந்தையில் எந்தக் கடைக்காரனாவது இப்படி ஒரு தராசை வைத்திருந்தால் மறுநாளே கடையை இழுத்து மூடியிருப்பார்கள். சட்டசபையில் அந்தத் தராசு அறுபது வருஷம் தொங்கியது.

ஆட்டுக் குன்று

மறுநாள் தெற்கு நோக்கிப் பிரயாணமானோம். பர்மிங்ஹாமிலிருந்து தலைநகரமான மாண்ட்கமரிக்குச் சுமார் தொண்ணூறு மைல். சட்டசபை மாளிகை இருக்கும் மேட்டுக்குப் பழைய பெயர் ஆட்டுக் குன்று. ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த இடமாம். இப்போது அங்கே வெள்ளை வெளேரென்று தூண்களும் குவிமாடமுமாக மாளிகை நிற்கிறது. வாயிலில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். 1861-ம் வருஷம் பிப்ரவரி மாதம், அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் ராஜ்யங்களின் தலைவராக ஜெபர்ஸன் டேவிஸ் பிரமாணம் செய்துகொண்ட இடம் அது. நூற்று நான்கு வருஷம் கழித்து, 1965 மார்ச்சு 25 அன்று, வோட்டுரிமை கேட்டு நடந்து வந்த பெருங்கூட்டத்துக்கு மார்ட்டின் லூதர் கிங் பேசியதும் இதே படிகளின் அடிவாரத்தில்தான்.

மாளிகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கவர்வன இரண்டு சுருள் மாடிப்படிகள். நடுவே தாங்கும் தூண் ஏதுமின்றிக் காற்றில் மிதப்பவைபோல மேலே ஏறுகின்றன. இவற்றை அமைத்தவர் ஹொரேஸ் கிங் என்னும் கறுப்பு இனத்துச் சிற்பி என்று சொல்கிறார்கள். அடிமையாய்ப் பிறந்து, பாலங்கள் கட்டுவதில் புகழ் பெற்று, 1846-ல் விடுதலை அடைந்தவர். உள்நாட்டு யுத்தம் முடிந்து கறுப்பு இனத்தார்க்கு வோட்டு வந்தபோது, அவர் ராஜ்யத்தின் பிரதிநிதி சபை அங்கத்தினராகவே இம் மாளிகைக்குள் வந்து உட்கார்ந்தார்! தாம் செய்த படியில் தாமே ஏறிச் சபைக்குப் போயிருக்கவேண்டும். ஆனால், அவரும் அவர் காலத்தவரும் போன பிறகு, அடுத்த கறுப்பு அங்கத்தினர் இச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1970-ல்தான். இடையில் நடந்தது என்ன?

அறுபது வருஷ உறக்கம்

1901-ல் இந் நகரில் ஓர் அரசியல் நிர்ணய மகாநாடு கூடிற்று. வெள்ளையர் ஆதிக்கத்தைச் சட்டபூர்வமாக நிலைநாட்டுவதே நோக்கம் என்று மகாநாட்டின் தலைவர் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். எழுத்தறிவுப் பரீட்சை, சொத்துத் தகுதி, வருஷத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி என்று வேலிமேல் வேலியாகப் போட்டார்கள். வயது வந்த கறுப்பு இன ஆடவர் 1,80,000-க்கு மேல் இருந்த ராஜ்யத்தில், வோட்டர் ஜாபிதாவில் மிஞ்சியவர்கள் 3,000-க்கும் குறைவு. ஏழை வெள்ளையர்களும் ஏராளமாக அந்த வேலிக்கு வெளியே நின்றார்கள்.

இது பலரும் அறிந்த கதை. அவ்வளவாக அறியாத பகுதி இனித்தான். தொகுதிகளுக்கு ஸ்தானம் ஒதுக்கும்போது கணக்கில் கொண்டது வோட்டர்களை அன்று, மொத்த ஜனங்களை. தென் பகுதியில் பருத்தித் தோட்டங்கள் நிறைந்த ஜில்லாக்களில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பு இனத்தார். ஸ்தானம் ஒதுக்க அவர்கள் தலைகள் வேண்டும். வோட்டுப் போட அவர்கள் கைகள் வேண்டாம். ஆகவே, அந்த ஜில்லாக்களில் வோட்டுள்ள ஒரு சில தோட்ட முதலாளிகள், தம் வோட்டோடு அண்டை அயலார் அத்தனை பேருடைய நிறையையும் சேர்த்துத் தாமே அனுபவித்தார்கள்.

பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனத்தொகை எடுத்து ஸ்தானங்களைத் திருத்தவேண்டும் என்று அதே சாஸனத்தில் எழுதியிருந்தது. 1910, 1920, 1930, 1940, 1950, 1960 என்று ஆறு முறை ஜனங்களை எண்ணினார்கள். ஒரு முறையேனும் ஸ்தானங்களைத் திருத்தவில்லை. கிராமங்களை விட்டு ஜனங்கள் உலைக்களங்களுக்கும் துறைமுகத்துக்கும் போய்விட்டார்கள். ஸ்தானங்கள் மட்டும் கிராமத்திலேயே இருந்தன.

திருத்தவேண்டியவர்கள் யார்? அந்த ஸ்தானங்களில் உட்கார்ந்திருந்தவர்களே! தாம் ஏறி நிற்கும் கிளையை எவன்தான் தானே வெட்டுவான்? முடிவில், ராஜ்யத்து ஜனங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வசிக்கும் தொகுதிகளே இரு சபைகளிலும் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கப் போதும் என்ற நிலை வந்தது. பர்மிங்ஹாமின் பெரிய ஆலை முதலாளிகளுக்கும் இதில் மன வருத்தம் இல்லை. வரி உயராமல் பார்த்துக்கொள்ளத் தோட்டக்காரர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். வருத்தமெல்லாம் நடுவே இருந்தவர்களுக்கு.

இதில் யாரும் வோட்டுப் பெட்டியை உடைக்கவில்லை. கள்ள வோட்டும் வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். சும்மா இருப்பதே ஒரு திருட்டாக முடியும் என்பதை நாம் அந்த மாடிப்படியின் கீழேதான் உணர்ந்தோம்.

வழக்கு

1961 ஆகஸ்டில் ஜெபர்ஸன் ஜில்லாவைச் சேர்ந்த சில வோட்டர்கள் மாண்ட்கமரியிலுள்ள ஐக்கிய சர்க்கார் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதுவரை, தொகுதி விஷயம் அரசியல் விஷயம், அதில் நீதிபதிகள் கை வைப்பதற்கில்லை என்பதே கோர்ட்டுகளின் எண்ணம். மறு வருஷம் மார்ச்சில் அண்டை ராஜ்யமான டென்னஸியிலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைத் திறந்தது. அலபாமா வழக்கும் அதே வழியாக மேலே சென்றது. சட்ட சரித்திரத்தில் அதற்கு "ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்" என்று பெயர். சிம்ஸ், வழக்காடிய வோட்டர்களில் ஒருவர். ரெனால்ட்ஸ், செல்மா நகரத்தைச் சேர்ந்த ஜில்லா அதிகாரி.

வோட்டர்களுக்காக வாதாடியவர் சார்லஸ் மார்கன் என்னும் இளம் வெள்ளை வக்கீல். 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாமின் ஒரு கறுப்பு இனத்துத் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் மாண்டார்கள். மறுநாள் அவர் ஊர்ப் பிரமுகர்கள் கூடிய ஒரு சங்கத்தில் எழுந்து, இந்தக் குற்றத்தில் வாய் மூடி இருந்த நம் எல்லோருக்கும் பங்குண்டு என்று பேசினார். அதன் பிறகு அவர் அந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. ஊரை விட்டுப் போனார். ஆனால் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் அந்த ஊருக்காகவே வாதாடினார்.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிடவேண்டும். அது முற்றிலும் சாரமற்றதன்று. நகரத்தார் நெருங்கி வாழ்கிறார்கள். எளிதில் ஒன்று சேர்வார்கள். குடியானவன் பரந்த நிலத்தில் தனித்துக் கிடக்கிறான். அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் நிறை கொடுத்தால் என்ன? மேலும், வாஷிங்டனிலுள்ள பெரிய செனட் சபையில் சின்ன ராஜ்யத்துக்கும் பெரிய ராஜ்யத்துக்கும் ஒரே மாதிரி இரண்டு ஸ்தானங்கள் அல்லவா?

1964 ஜூன் 15 அன்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் வோட்டர்கள் பக்கம். பிரதம நீதிபதி வாரன் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ராஜ்யங்கள் சுதந்திரமாக இருந்து பின்பு ஒன்று சேர்ந்தவை, ஜில்லாக்கள் அப்படி அல்ல, நிர்வாகத்துக்காக வகுத்த பிரிவுகள்தாம். சபைக்கு வருகிறவர் மனிதர்களின் பிரதிநிதியே தவிர, மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ பிரதிநிதி அல்லர். ஆகையால், இரு சபைகளிலும் தொகுதிகள் ஜனத்தொகையில் ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. முன்பு கலிபோர்னியாவில் கவர்னராக இருந்தபோது, ஜில்லா வாரியாக ஸ்தானம் ஒதுக்கும் இதே போன்ற முறையை ஆதரித்துப் பேசியவர் வாரன். நீதி ஆசனத்தில் அமர்ந்த பின் தம் பழைய கருத்தைத் தாமே மறுத்து எழுதினார். அந்தத் துணிவு எல்லோருக்கும் வந்துவிடாது.

கரிசல் நாடு

மாண்ட்கமரியிலிருந்து மேற்கே செல்மாவுக்குப் போகும் நெடுஞ்சாலை லவுண்டஸ் ஜில்லாவின் ஊடே செல்கிறது. நாற்பத்தொன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டோமே, அந்த ஜில்லா. சாலையோரத்தில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தோம். கரிய நிறம்; ஈரத்தில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிற்று. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஞாபகம் வந்துவிட்டது. இந்நாட்டாரும் தங்கள் மொழியில் இப்பகுதியைக் "கறுப்பு வட்டாரம்" என்கிறார்கள். முதலில் மண்ணுக்கு இட்ட பெயர். பிறகு மனிதர்களுக்கும் அதுவே பெயராயிற்று. கரிசல் என்றால் பருத்தி. இங்கே பருத்தி என்றால் அடிமைகள். இப்போது பருத்தி குறைந்து, மாடு மேயும் புல்வெளியும் மரக்கூட்டமுமாகக் கிடக்கிறது.

1965-ன் தொடக்கத்தில் இந்த ஜில்லாவில் கறுப்பு இனத்தார் நூற்றுக்கு எண்பது பேர். அவர்களில் வோட்டர் ஜாபிதாவில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் வோட்டுரிமைச் சட்டம் நிறைவேறியபின், ஐக்கிய சர்க்கார் அதிகாரிகள் நேரே வந்து பெயர்களைப் பதிவு செய்தார்கள். பெயர் கொடுத்த குத்தகைக் குடியானவர்களைத் தோட்டக்காரர்கள் நிலத்தை விட்டுத் துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்கள் சாலையோரத்தில் கூடாரம் அடித்து, பிள்ளை குட்டிகளோடு பனியிலும் மழையிலும் இரண்டு வருஷம் போல் வசித்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு காட்சிசாலை இருக்கிறது.

அங்கே நம்மை நெடுநேரம் நிறுத்தியவை தேர்தல் சின்னங்கள். எழுத்தறியாதார் மலிந்த ராஜ்யமாதலால், கட்சிகளுக்குச் சின்னம் வேண்டுமென்பது சட்டம். ஆளும் கட்சியின் சின்னம் ஒரு வெள்ளைச் சேவல். அதன் தலைமேல் "வெள்ளையர் ஆதிக்கம்" என்று வோட்டுச் சீட்டிலேயே அச்சிட்டு வந்தார்கள். லவுண்டஸ் மக்கள் 1966-ல் தங்களுக்கென ஒரு கட்சி கண்டு, கருஞ்சிறுத்தையைச் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தேர்தலில் சிறுத்தை தோற்றது. நான்கு வருஷம் கழித்து, அந்த இயக்கத்தை நடத்திய ஜான் ஹியூலெட் ஜில்லாவின் ஷெரிப் ஆனார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் களிமண் நீரை உறிஞ்சுவதில்லை. 21-ஆம் நூற்றாண்டிலும் இங்கே பல ஏழை வீடுகளுக்கு ஒழுங்கான கழிவுநீர் வசதி இல்லை என்பது ஐக்கிய சர்க்காரின் விசாரணைக்கே வந்தது. அறுபது வருஷம் தனக்கென ஒரு மேல்சபை ஸ்தானம் வைத்திருந்த ஜில்லா இது! ஸ்தானம் இருந்தது, அதில் ஜனங்கள் இல்லை.

இருபத்தெட்டுக் கோணம்

மாண்ட்கமரிக்குக் கிழக்கே சுமார் நாற்பது மைலில் டஸ்கிகீ. புக்கர் வாஷிங்டன் 1881-ல் பள்ளி தொடங்கிய ஊர்; நிலக்கடலை ஆராய்ச்சியால் புகழ்பெற்ற கார்வர் வாழ்ந்த ஊர். உபாத்தியாயருக்கு இது ஒரு க்ஷேத்திரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கவேண்டும் என்று தோன்றிற்று.

இங்கே கறுப்பு இனத்தார் படித்தவர்கள். கலாசாலை ஆசிரியர்கள், வைத்தியர்கள். எழுத்தறிவுப் பரீட்சை என்று சொல்லி இவர்களை எத்தனை நாள் விலக்கமுடியும்? 1957-க்குள் நானூறு பேர் வரையில் நகரசபை வோட்டர்களாகிவிட்டார்கள். உடனே சட்டசபை ஒரு சட்டம் செய்தது. சதுரமாக இருந்த நகர எல்லை இருபத்தெட்டுப் பக்கங்கள் கொண்ட கோணல் உருவமாயிற்று. நானூறு கறுப்பு வோட்டர்களில் நாலைந்து பேரைத் தவிர அனைவரும் எல்லைக்கு வெளியே போனார்கள். ஒரு வெள்ளை வோட்டர்கூட வெளியே போகவில்லை. அந்தக் கோட்டை வரைந்தவர்களின் பென்சிலுக்குத்தான் எத்தனை கூர்மையான பார்வை!

கலாசாலைப் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் வழக்குத் தொடுத்தார். தம்மை ஊருக்கு வெளியே தள்ளிய வெள்ளை வியாபாரிகளின் கடைகளில் சாமான் வாங்குவதை ஜனங்கள் நிறுத்தினார்கள். அன்னியத் துணிக் கடை முன் மறியல் செய்த நாட்டாருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 1960 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு மனதாக அந்தக் கோட்டை அழித்தது. வழக்கை நடத்திய வக்கீல் பிரெட் கிரே, பத்து வருஷம் கழித்து, இப்பகுதியிலிருந்தே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹொரேஸ் கிங் காலத்தவருக்குப் பின் அச்சபைக்குள் நுழைந்த முதல் இரு கறுப்பு அங்கத்தினர்களில் ஒருவர் அவரே.

முப்பத்தாறு பேர்

கதை இத்துடன் மங்களமாக முடிந்ததென்று எழுதத்தான் ஆசை. இப்போது அலபாமாவில் கீழ்ச்சபைக்கு 105 தொகுதிகள், மேல்சபைக்கு 35. தொகுதிக்கு ஓர் அங்கத்தினர். 2020-ன் ஜனத்தொகை 50,24,279. ஆகவே மேல்சபைத் தொகுதிக்குச் சராசரி ஒரு லக்ஷத்து நாற்பத்து மூவாயிரம் பேர். தராசு நேராகிவிட்டது.

ஆனால், நிறையைச் சமமாக்கிவிட்டே மோசம் செய்யவும் வழி உண்டு. 2012-ல் மறுபடி கோடு போட்டபோது, மாண்ட்கமரி நகரத்திலுள்ள 26-ஆம் எண் மேல்சபைத் தொகுதியில் ஜனம் குறைந்திருந்தது. புதிதாக 15,785 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் வெள்ளையர் எத்தனை பேர்? முப்பத்தாறு. ஏற்கனவே கறுப்பு இனத்தார் மிகுந்த தொகுதியில் அவர்களையே மேலும் மேலும் திணித்தால், சுற்றியுள்ள தொகுதிகளில் அவர்கள் குரல் எடுபடாது அல்லவா? 2015-ல் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டித்து வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. 2017-ல் பன்னிரண்டு தொகுதிகள் சட்ட விரோதமானவை என்று கீழ்க்கோர்ட் தீர்மானித்தது.

காவலும் தளர்ந்திருக்கிறது. தென் ராஜ்யங்கள் தொகுதிக் கோட்டை மாற்றுமுன் வாஷிங்டனின் சம்மதம் பெறவேண்டும் என்று 1965-ம் வருஷச் சட்டத்தில் இருந்த ஏற்பாட்டை, 2013-ல் அதே சுப்ரீம் கோர்ட் செயலிழக்கச் செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தது, பர்மிங்ஹாமிலிருந்து வரும் வழியில் நாம் கடந்து வந்த ஷெல்பி ஜில்லா! வரும்போது தெரியவில்லை. திரும்பும்போது சாலையோரத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்து மருமானிடம் மோட்டாரைச் சற்று மெதுவாக ஓட்டச் சொன்னோம். புல்வெளி, வீடுகள், கடைகள். எல்லா ஜில்லாவையும் போல ஒரு ஜில்லா.

"வோட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் போலீஸ்காரன் பிடித்துவிடுவான், மாமா. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருகிறவனை யார் பிடிப்பது?" என்று கேட்டான் மருமான்.

நாம் பதில் சொல்லவில்லை. உலைக்கள நகரத்து வோட்டர்களும், டஸ்கிகீயின் பேராசிரியரும், கூடாரத்தில் கிடந்த குடியானவர்களும் சொன்ன பதில் அவனுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், வழக்கத்துக்கு மாறாக, அந்தக் கொட்டாவி அத்தியாயத்தையே முதலில் எடுத்தோம். கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்தோம். பிறகு அதற்குள்ளே, நினைவிலிருந்து, அந்த இருபத்தெட்டுப் பக்கக் கோணலையும் வரைய முயன்றோம். வளைத்து வளைத்துப் போட்டும் சரியாக வரவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் வீடு மாறினார்களா?" என்று கேட்டான்.

இல்லை, அப்பா. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அன்று வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.